கொழுந்தும் கோள்களும்

வத்தேகமவைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் வேளையில், பறித்தவளின் கண் தராசு முள்ளிலேயே நிலைத்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவளது நாட்கூலி அம்முள்ளைப் பொறுத்ததன்றோ!

அங்கே 18 கிலோ காட்டிய கொழுந்தை அதே விற்றராசிற் சந்திரனில் தொங்கவிட்டால், முள் 3 கிலோவையே காட்டும். செவ்வாயில் ஏறக்குறைய 7. வியாழனின் மேகமண்டலத்திலோ 45. இவ்வாறு ஈர்ப்புக்கேற்ப மாறுவது நிறை. கூடையிலுள்ள கொழுந்தோ ஓரிலையும் குறையவில்லை, கூடவுமில்லை. அந்த மாறாத அளவே திணிவு. இருதட்டுத் தராசில் படிக்கற்களை வைத்து நிறுத்தால் எங்கும் 18 கிலோவே. ஈர்ப்பு இரு தட்டுகளையும் ஒருங்கே இழுக்குமாதலின்.

வத்தேகமவில் ஈர்ப்பு நாளுக்கு நாள் மாறுவதில்லை. ஆதலின் அன்பர்களே, இங்கே முள் குறைத்துக் காட்டினால், பழியைக் கோள்களின்மீது சுமத்த இயலாது!