சிட்டையும் பேரேடும்

பழைய மளிகைக் கடைகளில் கணக்குப்பிள்ளையிடம் இரண்டு புத்தகங்கள் இருக்கும். கூட்டம் நெரியும்போது சிட்டையில் கிறுக்கிக்கொள்வார். கடை ஓய்ந்தபின் நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார். இடையில் சிட்டை தொலைந்தால் அன்றைய கணக்கு அம்போ.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். பெயர் டிஸ்க் கேஷ். ஹார்ட் டிஸ்க்தான் பேரேடு, நினைவகம் சிட்டை. சுழலும் தட்டில் ஒரு தகவலைத் தேடிப் பிடிக்க ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு ஆகிறது என்றால், நினைவகத்துக்கு அது கோடியில் ஒரு பங்கு நேர வேலை. அடிக்கடி தேவைப்படுவதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நஷ்டம் ஏதுமில்லை. மூலப்பிரதி டிஸ்கில் இருக்கிறது. வம்பு எழுதும்போதுதான். 'சேவ்' ஆகிவிட்டது என்கிறது திரை. விஷயம் இன்னும் சிட்டையிலேயே இருக்கலாம். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனால், அழித்த சிலேட்டுதான் மிச்சம்.

இது புதிய தலைவலி அல்ல. 1993ல் வந்த எம்.எஸ்.-டாஸ் 6.0ல் 'ஸ்மார்ட்டிரைவ்' என்ற கேஷ் இப்படி எழுத்தைத் தள்ளிப்போட்டது. வேலை முடிந்ததாக நம்பி சுவிட்சை அணைத்தவர்கள் ஃபைல்களை இழந்தார்கள். புகார்கள் குவிய, அதே ஆண்டு வெளியான 6.2ல் இந்த வசதியை, கேட்டால் மட்டுமே இயங்கும்படி மைக்ரோசாஃப்ட் மாற்றியது.

மற்ற ஊர்களைவிட அந்தமான் நிகோபாரில் இதன் கனம் அதிகம். நாட்டின் மின் தொகுப்போடு இந்தத் தீவுகளுக்கு இணைப்பு கிடையாது. வட அந்தமானின் கல்போங் நீர்மின் நிலையம், கொஞ்சம் சூரிய மின்சாரம் தவிர, பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்களே கதி. 2020 ஆகஸ்ட் 10ல் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்படும் வரை வெளியுலகத் தொடர்புக்கு சாட்டிலைட்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஃபைல்களின் நகலை இன்டர்நெட்டில் பத்திரப்படுத்துவது அப்போது பலருக்குக் கனவு. சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். கடைக் கணக்கோ, பிள்ளையின் ப்ராஜெக்டோ, தாத்தா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த குடும்பக் கதையோ, பலரிடம் அதற்கு ஒரே பிரதிதான் இருக்கும்.

என்ன செய்யலாம்? விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, டிஸ்கின் 'ப்ராப்பர்ட்டீஸ்' சென்று, 'பாலிசீஸ்' பக்கத்தைப் பாருங்கள். இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலாவது, எழுத்துக்குக் கேஷ் வேண்டுமா என்பது. யு.பி.எஸ். இருந்தால், அல்லது பாட்டரி நன்றாக உள்ள லேப்டாப் என்றால், டிக் இருக்கட்டும். இரண்டும் இல்லாமல் அடிக்கடி கரன்ட் போகும் வீட்டில் அதை எடுத்துவிடலாம். வேகம் குறையும், ஆபத்தும் குறையும். வீட்டு இன்வெர்ட்டர்கள் எல்லாமே கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில் மாறுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது கட்டம் விஷமமானது. 'இதை இப்போதே பேரேட்டில் ஏற்று' என்று மென்பொருள் இடும் கட்டளையையே அது காதில் போட்டுக்கொள்ளாது. டிஸ்குக்குத் தனி மின் ஏற்பாடு இல்லாவிட்டால் தொடாதீர்கள் என்று மைக்ரோசாஃப்டே அங்கு எச்சரிக்கிறது. வேகம் கூட்டித் தருகிறேன் என்று வரும் நண்பர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது வேண்டவே வேண்டாம்.

யு.எஸ்.பி. டிரைவ்களுக்கு, 2018ல் வந்த விண்டோஸ் 10ன் 1809 பதிப்பு முதல், உடனே கழற்றத் தோதான ஏற்பாடே இயல்பாக அமைந்திருக்கிறது. அதற்காக நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கலாம் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. நீங்கள் 'சேவ்' கொடுக்காத பக்கத்தை மேலே சொன்ன எந்த அமைப்பும் காப்பாற்றாது. அது சிட்டைக்கே வரவில்லை. ஒரு பத்தி முடிந்ததும் ஒரு 'சேவ்', வாரக் கடைசியில் வேறொரு டிஸ்கில் ஒரு நகல். லோடாகச் சில நொடி தாமதமானால் பரவாயில்லை. ஒரே பிரதியாக இருக்கும் குடும்பக் கதையை மறுபடி சொல்ல, தாத்தா எப்போதும் இருக்கமாட்டார்.