குறுக்கு வழியும் நேர்வழியே!

குறுக்கு வழி என்றாலே பெரியோர் முகம் சுளிக்கின்றனர். தேர்வில் குறுக்கு வழி கூடாது. பொருள் தேடுவதில் கூடாது. செபத்தில் கூடவே கூடாது. இவற்றில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடுப்பங்கரைக்கும் இதே சட்டம்தானா? ஈஸ்ட் சேர்த்த மாவு பொங்கும்வரை இரண்டு மணி நேரம் காத்திராமல், முக்கால் மணிக்குள் வீட்டிலேயே பீட்சா செய்து பரிமாற ஒரு வழி உண்டு. அது சோம்பேறிகளின் வழி என்று சிலர் கேலி பேசுகின்றனர். அது நல்வழியே என்பது நம் கட்சி. அதனால் மிச்சமாகும் நேரம் யாருக்குச் சேரவேண்டும் என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

முதலில் பீட்சாவின் குலம் கோத்திரத்தைப் பார்ப்போம். கண்ணாடி மாளிகைக் கடைகளில் விற்பதைக் கண்டு அதைச் சீமான் வீட்டுப் பண்டம் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரத்து ஏழை உழைப்பாளிகள், தெருவில் நின்றபடியே தின்று பசியாறிய உணவு. 1889-ஆம் ஆண்டில் அரசி மார்கரீத்தா அந்நகருக்கு வந்தபோது, அவருக்கென ஒரு பீட்சா படைக்கப்பட்டு அவர் பெயரே அதற்கு இடப்பட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், ஏழையின் பண்டம் பிறகு உலகெங்கும் ஏறியமர்ந்தது மெய். பீட்சா சுடும் நேப்பிள்ஸ் கலைஞர்களின் கைத்திறனை, 2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பன்னாட்டுப் பீட்சாக் கடைகள் நம் நாட்டில் காலடி வைத்ததோ 1996-ஆம் ஆண்டில்தான்.

"அயல்நாட்டுத் தின்பண்டம் நமக்கெதற்கு?" என்று பாட்டிமார் கேட்பதுண்டு. பணிவோடு ஒரு பதில் சொல்வோம். நம் ரசத்தில் மிதக்கும் தக்காளியும், குழம்பில் கொதிக்கும் மிளகாயும், பொரியலாகும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்து, ஐரோப்பியர் கப்பலில் நம் கரை சேர்ந்தவையே. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்களே, அது போர்த்துக்கீசியச் சொல். வந்தவற்றையெல்லாம் வாழவைத்து, நம் கைப்பக்குவத்தால் நமதாக்கிக்கொண்ட சமையலறை நம்முடையது. பீட்சாவுக்கு மட்டும் கதவடைப்பது நியாயமாகுமா?

அடுத்த குற்றச்சாட்டு, "ஈஸ்ட் போட்டுப் பொங்கவைக்காதது பீட்சாவே அல்ல" என்பது. பொங்கிய மாவின் சுவையும் மணமும் தனிதான், மறுக்கவில்லை. ஆனால் காத்திருக்க நேரமில்லாதவர்கள் சுட்ட அப்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரயேல் மக்களை நினைத்துப் பாருங்கள். மாவு புளிக்கும்வரை தங்க அவர்களுக்கு அவகாசம் இல்லை. புளிக்காத மாவையே அப்பமாகச் சுட்டுத் தின்றார்கள் என விடுதலைப் பயண நூல் கூறுகிறது. அவசரத்தில் பிறந்த அந்த அப்பம் பாஸ்கா விழாவின் அடையாளமாயிற்று. நம் திருப்பலியில் எழுந்தேற்றம் பெறும் அப்பமும் புளிப்பற்றதே. ஆகவே, பொங்காத மாவை இகழ்வதற்கு முன் சற்று யோசிக்கலாம்.

நம் ஊரிலும் இவ்வழக்கு முன்பே நடந்து முடிந்ததுதான். 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மின்சார மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் ருசி வருமா என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. இன்று இட்லியை ரசித்து உண்போர் எத்தனை பேர் ஆட்டுக்கல்லைத் தேடுகின்றனர்?

இனிச் செய்முறைக்கு வருவோம். இரண்டு கோப்பை மாவு எடுத்துக்கொள்ளுங்கள். மைதா மட்டும் வேண்டாம் என்போர் பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்க்கலாம். அதனுடன் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சலித்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் முக்கால் கோப்பை கெட்டித் தயிரும் விட்டுச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசையவேண்டும். கையில் ஒட்டினால் மாவும், வறண்டால் தயிரும் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். ஈரத் துணியால் மூடிக் கால் மணி நேரம் வைத்தால் போதும். பேக்கிங் பவுடரில் சோடாவும் அமிலப்பொருளும் உள்ளன. ஈரமும் சூடும் பட்டவுடன் அவை கூடிக் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. தயிரின் புளிப்பும் இதற்குக் கைகொடுக்கிறது. ஈஸ்ட் மெல்ல மெல்லச் செய்யும் வேலையை இவை நிமிடங்களில் செய்துவிடுகின்றன. வேதியியல் வகுப்பில் படித்தது வீண் போகவில்லை!

மாவு ஊறும் நேரத்தில் நான்கு பழுத்த தக்காளியைப் பொடியாக நறுக்குங்கள். எண்ணெயில் ஆறு பல் பூண்டைத் தட்டிப்போட்டு வதக்கி, தக்காளியும் உப்பும் மிளகாய்த் தூளும் சேர்த்து, தண்ணீர் வற்றித் தொக்குப் பதம் வரும்வரை கிளறவேண்டும். நீர்க்க இருந்தால் மாவு ஊறிச் சொதசொதத்துவிடும். இதிலே அவசரம் கூடாது.

மாவை நான்கு உருண்டையாக்கி, அடையின் கனத்துக்குத் தேய்த்து, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்திவிடுங்கள். நம் வீடுகளில் பலவற்றில் ஓவன் கிடையாது, தேவையும் இல்லை. தோசைக்கல்லைச் சிறு தீயில் காயவைத்து, ஒரு பக்கத்தை இரண்டு மூன்று நிமிடம் வேகவிட்டுத் திருப்புங்கள். வெந்த பக்கத்தின் மேல் தொக்கைத் தடவி, மெல்லியதாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய் ஆகியவற்றைப் பரப்பி, துருவிய சீஸைத் தூவி மூடிவிடவேண்டும். ஆறேழு நிமிடத்தில் சீஸ் உருகும், அடியும் பொன்னிறமாகும். மொசரெல்லா வகை சீஸ் நூல் நூலாக இழுபடும். கட்டியாக விற்கும் சாதாரணப் பதப்படுத்திய சீஸ் அப்படி இழுபடாது. ஆயினும் ருசிக்குக் குறைவில்லை. காய் நிறையவும் சீஸ் அளவாகவும் இருந்தால் வயிற்றுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது. தினந்தோறும் உண்ணும் பண்டமன்று இது. மாதம் ஒரு ஞாயிறு போதும்.

இதற்கும் நேரமில்லையா? முந்தைய நாள் சப்பாத்தியும் ரொட்டித் துண்டும் அடித்தட்டாக அமையும். மிஞ்சிய தோசை மாவைக் கனமாக வார்த்து அதன் மேல் இவற்றையே பரப்பினால் ஊத்தப்பமும் பீட்சாவும் அக்காள் தங்கை என்பது விளங்கும். இரவெல்லாம் புளித்த அந்த மாவிடம், பொங்கவில்லை என்ற குறையும் சொல்ல முடியாது.

செய்முறை முடிந்தது, சிந்தனை முடியவில்லை. திருநின்றவூருக்கு அடுத்த நிலையம் நம் வேப்பம்பட்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் சென்னை அலுவலகங்களிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு, நெரிசலில் நின்றபடியே மின்சார ரயிலில் வந்து இறங்கும் தாய்மாரை நாம் மாலைதோறும் காண்கிறோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர்களுக்கு இரண்டாவது வேலை தொடங்கிவிடுகிறது. வீட்டோடு இருக்கும் தாய்மாருக்கோ முதல் வேலையே முடிவதில்லை. 2019-ஆம் ஆண்டில் மைய அரசு நடத்திய நேரக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலைகளைச் செய்வோர் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர் மட்டுமே என்று தெரிந்தது. அவ்வாறு செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே!

இந்த நிலையில், குறுக்கு வழியால் மிச்சமாகும் ஒன்றரை மணி நேரம் துணி துவைப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் போய்விட்டால் அம்மாவுக்கு என்ன லாபம்? கருவிகள் பல வந்தும் தாய்மாருக்கு ஓய்வு வராததற்குக் காரணம் இதுவே. மிச்சமான நேரம் அவர்களது பெயரில் வரவு வைக்கப்படுவதே இல்லை.

பெத்தானியாவில் வாழ்ந்த மார்த்தாவை நாம் அறிவோம். பணிவிடையில் பரபரப்பாகித் தன் தங்கை உதவவில்லை என்று அவள் ஆண்டவரிடமே முறையிட்டதை லூக்கா எழுதியுள்ளார். மார்த்தா சமைத்ததை ஆண்டவர் குறை கூறவில்லை. பலவற்றைக் குறித்துக் கலங்கியதையே கனிவோடு சுட்டிக்காட்டினார். யோவான் நற்செய்தியில் மற்றொரு விருந்து வருகிறது. அங்கும் மார்த்தாதான் பணிவிடை செய்கிறாள். அவள் சகோதரன் இலாசர் எங்கே? பந்தியில் அமர்ந்திருக்கிறார்! கல்லறையிலிருந்து எழுந்து வந்தவராயிற்றே என்று அவரை நாம் மன்னித்துவிடலாம். நம் வீட்டு இலாசர்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. 2021-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 29-ஆம் நாளை மார்த்தா, மரியா, இலாசர் மூவருக்கும் பொதுவான நினைவு நாளாக்கினார். நினைவு நாளைப் பகிர்ந்துகொண்டவர்கள் வேலையையும் பகிர்ந்துகொள்ளலாமே!

ஆகவே அன்புத் தோழியரே, வரும் ஞாயிறு மாலை பீட்சா செய்யுங்கள். மாவைத் தம்பி பிசையட்டும். வெங்காயத்தை அப்பா நறுக்கட்டும், கண்ணீர் வந்தாலும் பாதகமில்லை. தொக்கு நம் பொறுப்பு. பெண் பிள்ளைக்குத்தான் சமையல் என்று எண்ணும் பெற்றோர்களே, உங்கள் மகனும் நாளை ஒரு வீட்டில் வாழப்போகிறவன். பசியாற அவனும் கற்றுக்கொள்ளட்டும். அம்மாவுக்கு அன்று ஒரே வேலைதான்: நாற்காலியில் அமர்ந்து, முதல் துண்டு வரும்வரை நம்மோடு பேசிக்கொண்டிருப்பது. சாப்பிட்டு முடிந்ததும் தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்த்துவைக்கவும் மறந்துவிடாதீர்கள். அது அம்மாவுக்கென்று விட்டுவைக்கப்படுமானால், நாம் சென்றது குறுக்கு வழியுமல்ல, நேர்வழியுமல்ல.