தத்தெடுப்புச் செலவு: வரிக்கழிவு போதாது
2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய வருமான வரிச் சட்டத்திலும் தத்தெடுப்புச் செலவுக்கெனத் தனிக் கழிவு இல்லை. தத்துப்பிள்ளையைப் பிள்ளையாகவே ஏற்கும் சட்டம், அப்பிள்ளை வீடு வந்துசேர ஆகும் செலவைக் கண்டுகொள்ளாதது பெருங்குறை. ஆனால் கழிவு மட்டும் அளித்தால் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் உள்ள தொழிலாளர் குடும்பங்களில் யாருக்குப் பயன்? புதிய வரிவிதிப்பு முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்குப் பொதுவாக வரியே இல்லை. துறைமுக ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கழிப்பதற்கு வரி ஏது? வீட்டாய்வுக் கட்டணம், குழந்தைப் பராமரிப்பு நிதிக்கான தொகை, அலைச்சலில் இழக்கும் நாள்கூலி எல்லாம் அவர் கையிலிருந்தே போகின்றன. அமெரிக்கா 2025 முதல் தத்தெடுப்பு வரிச்சலுகையில் 5,000 டாலர் வரை, வரிப்பொறுப்பு இல்லாதவருக்கும் பணமாகவே தருகிறது. இங்கும் மாவட்ட ஆட்சியர் தத்தெடுப்பு ஆணை பிறப்பித்ததும், விதிகளின்படி கட்டிய கட்டணம் முழுவதையும் ஒன்றிய அரசு பெற்றோரின் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்த வேண்டும்.