பூச்சியம் நற்சான்றிதழன்று

இன்றைய மென்பொருள் எதுவும் தனியொருவரின் ஆக்கமன்று. பிறர் எழுதிப் பொதுவில் இட்ட செய்நிரற் பொதிகளின் மீதே அது எழுப்பப்படுகின்றது. அப்பொதிகளோ வேறு பல பொதிகளைச் சார்ந்து நிற்கின்றன. அறிவைப் பகிர்ந்துகொள்ளும் மரபின் பேறாகிய இவ்வமைப்புத் தன்னளவிற் குறையுடையதன்று. அதனைப் பயன்கொள்வோரின் மனப்போக்கே கண்டனத்துக்குரியது.

2018 இல் ‘என்.பி.எம்.’ என்னும் பொதி முகாமைக் கருவியுடன் ‘ஓடிற்’ என்ற கட்டளை இணைக்கப்பட்டது. பைதன் மொழிக்கும் இத்தகைய கருவி உண்டு. கட்டளைவரியில் இரண்டு சொற்களைத் தட்டியதும் ‘பலவீனங்கள் பூச்சியம்’ என்று விடை வந்துவிடின், தம் கடமை முடிந்தது என அமைதி கொள்வோர் பலர். இவ்வமைதி அறியாமையின் பாற்பட்டது.

அக்கட்டளை செய்வதுதான் யாது? பொதிகளின் பெயரையும் பதிப்பெண்ணையும், ஏலவே அறியப்பட்ட குறைபாடுகளின் பதிவேட்டோடு அது ஒப்பிடுகின்றது. செய்நிரலின் ஒரு வரியையேனும் அது வாசிப்பதில்லை. எனவே ‘பூச்சியம்’ என்பதன் பொருள் ‘குறை இல்லை’ என்பதன்று. ‘குறை எதுவும் இன்னும் பதியப்படவில்லை’ என்பதே.

ஜாவா மொழியின் ‘லொக்ஃபோர்ஜே’ நூலகத்தில் 2013 இற் புகுந்த குறைபாடு 2021 டிசெம்பரிலேயே உலகறிய வந்தது. இடைப்பட்ட எட்டாண்டுகளும் அக்குறைபாட்டைப் பொறுத்தவரை பதிவேடு வெறுமையாகவே இருந்தது. 2024 இல் ‘எக்ஸ்.இசற். யூற்றில்ஸ்’ பொதியின் இரு பதிப்புகளிற் கள்ள வாயில் ஒன்று வைக்கப்பட்டது. ஊதியமின்றித் தனித்து உழைத்துக் களைத்த பராமரிப்பாளர் ஒருவரின் நம்பிக்கையை ஈராண்டுக்கு மேலாகப் படிப்படியாகப் பெற்ற ஒருவரே அதனைச் செய்தார். அதனைக் கண்டுபிடித்தது எந்தக் கட்டளையுமன்று. தொலைக் கணினியில் நுழைவதற்கு அரைச் செக்கன் கூடுதலாகச் செல்வதேன் என்று ஐயுற்ற அந்திரேஸ் புரொயின்ட் என்ற பொறியியலாளரின் விழிப்பே அவ்வாண்டு மார்ச் 29 இல் அதனை அம்பலப்படுத்தியது.

அவ்வாறாயிற் கட்டளையே வீண் என்று கூறி ஒதுங்குவோரும் உளர். அவர்தம் வாதமும் ஏற்புடைத்தன்று. ‘அப்பாச்சி ஸ்ரட்ஸ்’ பொதியின் குறைபாடும் அதற்கான திருத்தமும் 2017 மார்ச்சில் வெளியாயின. அமெரிக்காவின் ‘இக்குவிபக்ஸ்’ நிறுவனம் அம்மாதமே சோதனை நடத்தியது. ஆயின் அப்பொதி தன் தொகுதியில் எங்குள்ளது என்பதைச் சோதனை காணாது விட்டது. மே மாதந் தொடக்கம் ஏறக்குறைய 14 கோடியே 70 இலட்சம் மக்களின் விபரங்கள் களவாடப்பட்டன. பதிவேடு அறிந்திருந்தது, பயன்படுத்தியோர் தம் உடைமையையே அறிந்திருக்கவில்லை.

ஆகவே கட்டளையை நாள்தோறும் இயக்குதல் வேண்டும். அதனைத் தொடக்கமாகக் கொள்ளல் வேண்டும், முடிவாக அன்று. சார்ந்துள்ள பொதிகள் யாவை என்ற முழுப் பட்டியலைப் பேணலும், தேவையற்றவற்றை நீக்கலும், இயன்றவற்றை வாசித்தலும் மென்பொருளாளரின் கடமைகளாகும். இவற்றினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. பெரு நிறுவனங்கள் இலாபம் ஈட்டும் மாளிகைகளின் அடித்தளத்தைக் கூலியின்றிச் சுமப்போர் அப்பராமரிப்பாளர்களே. அவர்தம் உழைப்பை இலவசமாகக் கொண்டு, அவர்தம் களைப்பை மட்டும் கணக்கில் எடாத சமூகத்துக்கு எந்தக் கட்டளையும் பாதுகாப்பளிக்கப் போவதில்லை.