தாயை வெளியே நிறுத்தும் கதவு: குறைமாதச் சிசுக்களும் இரத்தத் தொற்றும்

ஒரு கிலோகிராமைச் சற்றே தாண்டிய எடையுடன் பிறக்கும் சிசுவின் தோல் மிக மெல்லியது. தாயிடமிருந்து நோயெதிர்ப்புப் பொருட்கள் பெருமளவில் வந்து சேர்வது கர்ப்பத்தின் இறுதி மாதங்களில். முந்திப் பிறந்த சிசுவுக்கு அது போதியளவு கிடைப்பதில்லை. போதாததற்கு, உயிர்காக்கச் செலுத்தும் ஊசிக்குழாயே கிருமிக்கும் வழிவிடுகிறது.

டில்லியின் மூன்று பெரிய அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் 2014 வரை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்க்கப்பட்ட 13,530 சிசுக்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தனர். 14.3 வீதமானோருக்கு இரத்தத் தொற்று ஏற்பட்டது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்தார். அதிகம் காணப்பட்ட கிருமி அசினெற்றோபக்டர். அதன் 82 வீதமானவை பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் கட்டுப்படாதவை.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. தொற்றுகளில் மூன்றில் இரண்டு, பிறந்து 72 மணித்தியாலங்களுக்குள்ளேயே ஏற்பட்டிருந்தன. வழமையாக இவ்வளவு விரைவில் வரும் தொற்றைத் தாயிடமிருந்து வந்ததாகவே வைத்தியர்கள் கருதுவர். இங்கு கண்டவையோ வைத்தியசாலைகளில் குடிகொள்ளும் கிருமிகள். அப்படியானால் பிரசவ அறையிலிருந்தே, அந்த முதல் மணித்தியாலங்களிலேயே, சிசு அவற்றைப் பெற்றுக்கொள்கிறது என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது. புதிய நுண்ணுயிர்க்கொல்லி வரும்வரை காத்திருப்பது இதற்கு விடையாகாது.

ஆனால் நமது வழக்கம் என்ன? சிசு உள்ளே, தாய் வெளியே. தொற்று வரக்கூடாதென்றுதான் தாய் நிறுத்தப்படுகிறாள். அவளுக்குப் பதிலாகப் பல சிசுக்களைத் தொட்டுப் பராமரிக்கும் கைகள் அந்தச் சிசுவையும் தொடுகின்றன. தாதியரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆளணி போதாத இடத்தில் ஒவ்வொரு முறையும் கைகழுவ நேரமும் போதாது.

இந்த வழக்கத்தைச் சோதித்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து வைத்தியசாலைகள் அதில் பங்கேற்றன. டில்லி சப்தர்ஜங் வைத்தியசாலை முந்திய ஆய்விலும் இடம்பெற்றதே. 1 முதல் 1.8 கிலோகிராமுக்குக் குறைவான சிசுக்களில் ஒரு பகுதியினர் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்து வைக்கப்பட்டனர். தாயும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் பெற்றாள். மற்றையோருக்கு, உடல்நிலை சீரான பின்னரே அந்த அணைப்பு. 28 நாட்களுக்குள் இறப்பு 15.7 வீதத்திலிருந்து 12 வீதமாகக் குறைந்தது. சந்தேகத்துக்குரிய இரத்தத் தொற்றும் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

தாயின் தோலிலுள்ள தீங்கற்ற கிருமிகள் முதலில் இடம்பிடிப்பதும், தாய்ப்பால் விரைவில் கிடைப்பதும், தொடும் கைகள் குறைவதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஒரு கிலோகிராமுக்குக் குறைந்தவர்களும், தாமாகச் சுவாசிக்க இயலாதவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊசிக்குழாய்ச் சுத்தம் பற்றிய கண்டிப்பையும் இது தளர்த்திவிடாது.

2022இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரையாக்கியது. தேவைப்படுவது விலையுயர்ந்த இயந்திரமல்ல. சிசுவின் அருகே தாய்க்கொரு கட்டில், பிரசவித்த அவளையும் அங்கேயே கவனிக்க ஒரு தாதி, உணவு, கழிப்பறை. புதிய சிசுப் பிரிவுகளுக்கான வரைபடங்களில் இவற்றுக்கு இடம் ஒதுக்கப்படுகிறதா என்பதே சுகாதார அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி.