தேக்கடி படகும் நம்ம ஊர் காட்டுப்பன்னியும்

கோடை லீவு வந்தா அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துல இருந்து வேன் பிடிச்சு தேக்கடிக்குப் போறது இப்ப வழக்கமாயிடுச்சு. படகுல ஒன்றரை மணி நேரம் சுத்தி, கரைக்குத் தண்ணி குடிக்க வர்ற யானை, காட்டுமாடு, மிளான்னு பார்த்துட்டு வர்றோம். நல்ல விஷயம்தான். ஆனா ஊருக்கு வந்ததும் டீக்கடையில ஒரு பேச்சு ஓடுது: "மிருகத்தைக் காப்பாத்துறோம்னு விவசாயியைக் கொல்றாங்கப்பா. நம்ம மக்காச்சோளத்தைப் பன்னி திங்குது, யாரு கேட்கிறா?"

பன்னித் தொல்லை எனக்கும் உண்டு. கதிர் பால் பிடிக்கிற நேரத்துல ஒரே ராத்திரியில அரை ஏக்கர் போயிருக்கு. இருந்தாலும் அந்தக் கோபத்தை மலைக்காட்டு மேல திருப்புறது தப்புங்கிறதுதான் என் கருத்து.

முதல்ல ஒண்ணு. தேக்கடியில படகு போறது இயற்கையான ஏரியில இல்லை. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணையோட தண்ணி அது. மேற்கே ஓடி அரபிக்கடல்ல கலந்த ஆத்தை மறிச்சு, மலையைக் குடைஞ்சு வைகைப் பக்கம் திருப்பினாங்க. தண்ணிக்கு நடுவுல கருப்பா நிக்குதே பட்டமரம், அது அன்னைக்கு மூழ்கின காடு. மழை மறைவுல கிடக்கிற சம்சாரிகளுக்காக அந்தக் காடு விட்டுக்கொடுத்த இடத்துலதான் நாம படகு விடுறோம்.

"பெரியாத்துத் தண்ணி மதுரைக்காரனுக்கு, நமக்கென்ன?"ன்னு கேட்கலாம். நம்ம குண்டாறு எங்க பிறக்குது? சாப்டூர் பக்கம், வருசநாட்டு மலையோட கிழக்குச் சரிவுல. அந்த மலைக்கு மேற்கேதான் பெரியாறு காடு. கிழக்குப் பக்கத்தை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்க. பெய்ஞ்ச மழையைப் பிடிச்சு வச்சு மெதுவா விடுறது காடு. அது போனா வெள்ளம் ஒரே நாள்ல மண்ணோட வரும், மறுநாள் ஆறு காயும்.

அடுத்தது, நம்ம வயல்ல இறங்குற பன்னி தேக்கடியில இருந்து வரலை. நம்ம கண்மாய்லயும் வரத்துக்கால்லயும் மண்டிக்கிடக்கிற சீமைக்கருவேலத்துக்குள்ள பகல்ல படுத்துக்கிடந்து ராத்திரி வருது. தண்ணி வர்ற வழியை அடைச்சதும் அதே முள்ளுதான்.

கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்க என்ன செய்யும்? நியாயமான கேள்வி. தரிசுல நிக்கிற முள்ளு அவங்களுக்கு இருக்கட்டும். கண்மாய்க்குள்ள மட்டும் தூரோட எடுக்கணும். மேலாக்க வெட்டினா மறுபடியும் தழைச்சிடும்.

பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு கேட்போம், கேட்கத்தான் வேணும். அதோட சேர்த்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில கண்மாய் முள்ளை எடுக்கச் சொல்லி ஒரு தீர்மானம் போடுங்க. தேக்கடிக்குப் போனா படகுல கூச்சல் போடாம இருங்க. உங்க பிள்ளைகளுக்கு யானையோட அந்தப் பட்டமரத்தையும் காட்டி, அது ஏன் அங்க நிக்குதுன்னு சொல்லிக்கொடுங்க.