பிரேக் ஷூ வாங்கப் போகும் சகோதரிக்கு



வாழ்வாதார உதவி என்றாலே பெண்களுக்குத் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும்தான் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் எத்தனையோ சகோதரிகள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறார்கள். சிலர் முச்சக்கரவண்டி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களால் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், போர் முடிந்தபின் மீண்டும் இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களிலும் இந்த மாற்றத்தைக் காண்கிறோம். மகிழ்ச்சியான விடயம்தான்.

வண்டி ஓட்டப் பழக்குவதற்கு ஆள் கிடைக்கிறது. அனுமதிப்பத்திரம் எடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் உதிரிப்பாகக் கடைக்குப் போனால், "கம்பனி சாமானா, சாதாரண சாமானா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நம்மில் பலர் விலையை மட்டும் விசாரித்து, குறைந்ததை வாங்கி வருகிறோம். கண்ணாடிக்கும் சீற் உறைக்கும் அது பரவாயில்லை. பிரேக்குக்கு அது சரிவராது. ஆகவே இந்த மாதம் பிரேக் ஷூவும் டிரம்மும், பிரேக் பேட்டும் டிஸ்க்கும் பற்றிப் பேசுவோம்.

நமது பாதையும் நமது பிரேக்கும்

ஹாலிஎல சந்தியில் நின்று பார்த்தால் ஒரு பாதை வெலிமடைக்கும், இன்னொரு பாதை தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கும் ஏறுகிறது. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1230 மீற்றர் உயரம். பதுளை ஏறத்தாழ 680 மீற்றர். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும் வண்டி 550 மீற்றர் கீழே இறங்குகிறது.

ஓட்டுநரும் மூன்று பயணிகளும் உள்ள முச்சக்கரவண்டி ஏறத்தாழ 600 கிலோ இருக்கும். அந்தப் பாரம் இவ்வளவு தூரம் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஒன்பது லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியை இயந்திரமும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் சக்கரத்துக்குள் இருக்கும் சின்னஞ்சிறு ஷூக்களில் வெப்பமாக இறங்குகிறது. வண்டியை நிறுத்துவது என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவதுதான். இந்த ஒன்று விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும்.

வெப்பம் அளவுக்கு மீறினால் ஷூவின் பிடிப்பு குறைகிறது. கருகிய மணம் வரும். மிதியை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்க மறுக்கும். தரம் குறைந்த ஷூவில் இது சீக்கிரமே நடக்கும். சமதரையில் ஒரு குறையும் காட்டாத அதே ஷூ, இறக்கத்தில்தான் கைவிடும்.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய பாதையில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. 15 பேர் உயிரிழந்ததாக மறுநாள் செய்தி வந்தது. ஊவாவின் இறக்கங்களில் ஒரு வண்டி கட்டுப்பாட்டை இழந்தால் என்னவாகும் என்பதை நாம் அறிவோம்.

விலை கூடியதெல்லாம் நல்லதா?

விலை குறைந்ததை வாங்காதீர்கள் என்றால் விலை கூடியதை வாங்குங்கள் என்று அர்த்தமில்லை. தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஓடும் கார்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அப்படியான பந்தயக் கார்களுக்கென்றே செய்யப்படும் பிரேக் பேட்டுகள் மிக அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அவற்றில் பல, சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலைக் குளிரில், மழை ஈரத்தில், வாசலிலிருந்து புறப்பட்டவுடன் முதல் வளைவில் பிடிக்காத பேட் நமக்கு எதற்கு?

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி "எது விலை கூடியது?" என்பதல்ல. "இந்த வண்டிக்கு, இந்தப் பாதைக்கு எது பொருத்தம்?" என்பதே. வண்டியைச் செய்த கம்பனி குறிப்பிட்டிருக்கும் சாமானோ, அதே அளவிலும் தரத்திலும் நம்பத்தகுந்த வேறு கம்பனி செய்த சாமானோ போதும். பெட்டியில் கம்பனியின் பெயரும், உதிரிப்பாக இலக்கமும், உங்கள் வண்டியின் மாதிரியும் இருக்க வேண்டும். பழைய ஷூவைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கட்டாயம் பில் வாங்குங்கள். பில் தர மறுக்கும் கடையில் பிரேக் சாமான் வாங்க வேண்டாம்.

ஷூ மட்டும் போதாது

நம்மிடையே உள்ள பெரிய தவறான எண்ணம், ஷூவை மாற்றினால் பிரேக் புதிதாகிவிடும் என்பது. அம்மியும் குழவியும் சேர்ந்தால்தான் அரைக்க முடியும். அப்படியே ஷூவும் டிரம்மும் சேர்ந்துதான் வண்டியை நிறுத்துகின்றன.

நாங்கள் சந்தித்த ஒரு சகோதரி, கணவரைப் போரில் இழந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளை முச்சக்கரவண்டியில் பாடசாலைக்கு ஏற்றி இறக்குகிறார். நான்கு மாதத்துக்குள் இரண்டு முறை ஷூ மாற்றினார். இரண்டாவது முறை, "டிரம்மைக் கழற்றி எனக்குக் காட்டுங்க அண்ணே" என்று கேட்டு நின்றார். உட்புறம் உழுத வயல் போலச் சால் விழுந்திருந்தது. புது ஷூ அந்த மேடுகளில் மட்டும் உரசித் தேய்ந்துகொண்டிருந்தது. டிரம்மை மாற்றிய பிறகுதான் அந்தச் செலவு நின்றது. கேட்டுப் பார்க்கும் துணிச்சலே அவருக்குக் காசை மிச்சப்படுத்தியது. பிள்ளைகளின் உயிருக்கும் அதுவே காவல்.

டிரம்மில் சிறிய சால் இருந்தால் லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம். அதற்கும் எல்லை உண்டு. பெரும்பாலான டிரம்களில் கூடிய விட்டம் இவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். அந்த அளவைத் தாண்டினால் புதிதுதான் போட வேண்டும். ஸ்கூட்டரின் டிஸ்க்கில் குறைந்த தடிப்பு எவ்வளவு என்பது, 'மின்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைவிட மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். வெடிக்கவும் கூடும். பிரேக் பிடிக்கும்போது கைப்பிடி துடித்தால் டிஸ்க் கோணியிருக்கலாம்.

வடக்கில் கடற்கரை ஓரம் வாழும் சகோதரிகளுக்கு இறக்கம் இல்லை. ஆனால் உப்புக்காற்றும் மணலும் உண்டு. ஓடாமல் நின்ற வண்டியின் டிஸ்க்கில் மெல்லிய துரு பிடிப்பது வழமை. சில முறை பிரேக் பிடித்தால் அது போய்விடும. குழி விழும் அளவுக்குத் துரு அரித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

கராஜில் கவனிக்க வேண்டியவை

1. ஒரே அச்சில் உள்ள இடது, வலது சக்கரங்களுக்கு ஒன்றாகவே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதானால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

2. ஷூவில் ஒயில் ஊறியிருந்தால் பெற்றோலில் கழுவி மீண்டும் போட விடாதீர்கள். ஒயில் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடித்துத் திருத்தாவிட்டால் புது ஷூவும் வீணாகும்.

3. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய 'டொட் 3' ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறினால் அது 140 பாகை வரை இறங்கலாம். இறக்கத்தில் ஒயில் கொதித்து ஆவியானால் மிதி பஞ்சு போல உள்ளே போய்விடும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. எந்த ஒயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். எஞ்சின் ஒயிலை ஒருபோதும் ஊற்றக் கூடாது, இறப்பர் பாகங்கள் பழுதாகிவிடும்.

4. பிரேக் தூசை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ விடாதீர்கள். சில ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கும். எந்த வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

5. புது ஷூ போட்டவுடன் பாரத்தோடு இறக்கத்துக்குப் போகாதீர்கள். முதலில் சமமான பாதையில், மெதுவான வேகத்தில் பல முறை இதமாகப் பிடித்துப் பழக்குங்கள். ஷூவும் டிரம்மும் ஒன்றோடொன்று படிய வேண்டும்.

ஓட்டும் முறையும் ஒரு பிரேக்தான்

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைநாட்டு ஓட்டுநர்களின் பழைய பாடம். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கினால் முழுப் பாரமும் ஷூவின் மேல் விழும். கியர் மாற்றத் தேவையில்லாத ஸ்கூட்டர்களில் இயந்திரத்தின் தடை குறைவு. ஆகவே நெடுந்தூர இறக்கத்தில் இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நாம் ஒன்றுகூடிச் செய்யக்கூடியது

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இன்று நம் சகோதரிகள் ஓட்டும் வண்டிகளில் பல பழையவை, கைமாறி வந்தவை. மாதம் பிறந்தால் லீசிங் தவணை கட்ட வேண்டும். வண்டி ஒரு கிழமை கராஜில் கிடந்தால் அடுப்பெரியாத வீடுகள் உண்டு. தவணைக்காகப் பிரேக்கைத் தள்ளிப்போடும் நிலை அப்படித்தான் வருகிறது. அது சகோதரிகளின் அலட்சியம் அல்ல, வறுமை. ஆனாலும் பாதைக்கு நம் வறுமை தெரியாது.

ஆகவே மாதர் சங்கங்களுக்கு ஒரு யோசனை. சுழற்சிக் கடனில் 'பிரேக் செலவு' என்று ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். நம்பிக்கையான கராஜ்காரர் ஒருவரை அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல ஷூவையும் தேய்ந்த ஷூவையும் எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்கட்டும். ஒரு கொப்பியில் மாற்றிய திகதி, ஓடிய கிலோமீற்றர், சாமானின் பெயர், விலை ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

அடுத்த முறை கடையில் "எது வேணும்?" என்று கேட்டால், விலையைக் கேட்பதற்கு முன் பழைய ஷூவை மேசையில் வையுங்கள். "இதே இலக்கம், கம்பனி பெயரோடு, பில்லும் வேணும்" என்று சொல்லுங்கள். பிறகு விலையைப் பேசலாம்.